பதினாறு கறுவாச் சுருள்

1

என்னைக் கள்ளுத் தவறணை வாசலில் கையில் போத்தலுடன் பார்த்ததாகக் கொழும்பிலிருந்து யாரோ ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். தவறணை என்று இங்கே சொல்வது கள்ளுக்கடையை. அதை விசாரித்து எனக்கு மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்று என் தம்பியிடமிருந்து, ஒன்று சம்பந்தியிடமிருந்து. மூன்றாவதில் கையெழுத்தே இல்லை. யுத்த காலமாதலால் மூன்றையும் தணிக்கைக்காரர்கள் பிரித்துப் படித்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஆக, அறுபத்தெட்டு வயதில் நான் குடிக்கத் தொடங்கிய செய்தி இப்போது சர்க்காருக்கும் தெரியும்.

பார்த்தது உண்மைதான். எழுதியவர் இரண்டு தடவை என்கிறார். அது பிழை. ஐந்து தடவை நின்றேன். ஐந்தும் புதன்கிழமை, ஐந்தும் தவறணைக் கதவு திறந்த உடனே. வாங்கியது ஒவ்வொரு தடவையும் அரைப் போத்தல். அதில் ஒரு சொட்டுகூட என் வாயில் படவில்லை. அவ்வளவும் கோதுமை மாவுக்குள் போயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத என் விரல்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையாக நடந்ததை எழுதிவிடுகிறேன்.

2

குடுமியான்மலைக்குப் பக்கத்திலிருந்து நான் புறப்பட்டு முப்பத்துநான்கு வருஷமாகிறது. அதில் முப்பத்தொரு வருஷம் கொழும்பில் ஒரு கறுவாக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், குமாஸ்தாவாக இருந்தேன். நாம் பட்டை என்பதைத்தான் இங்கே கறுவா என்கிறார்கள். நான் வந்த புதிதில், 'கறுவாக் கிட்டங்கியில் வேலை' என்று ஊருக்கு எழுத, என் தாயார் அதைக் கருவாடு என்று வாசிக்கக் கேட்டு, வெள்ளிக்கிழமையாவது அந்தப் பக்கம் போகாமல் இருக்கக் கூடாதா என்று பதில் எழுதச் சொன்னார். ஒரு கட்டு நூறு ராத்தல். நான் எண்ணிக் கப்பலுக்கு அனுப்பிய கட்டுகளின் கணக்கு என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

இப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மகன் சண்முகம், அவன் மனைவி அகிலாண்டம். என் மனைவி விசாலாட்சி காலமாகி ஐந்து வருஷம் ஆகப்போகிறது. அன்றைக்கு நான் மாமிசத்தை விட்டேன். வீட்டில் சமைக்கக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் சமைக்கவும் இல்லை. சண்முகம் வெளியே சாப்பிட்டுக்கொள்வான் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை.

அகிலாண்டம் நம் ஊர்ப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து எட்டு மாதம். இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

3

இங்கே அரிசி கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. அதிலும் வரவர அரிசியைக் குறைத்துக் கோதுமை மாவைக் கூட்டுகிறார்கள். கொடுக்கிற அரிசி மூட்டையில் வெகுநாள் கிடந்தது. உலையில் கொதிக்கும்போது கோணியை வேகவைப்பது போல வாடை வரும். மசக்கைக்காரிக்கு அது போதும். உலை கொதித்தால் அகிலாண்டம் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுவாள். ஒரு நாளைக்கு அவள் சாப்பிடுவது எத்தனை கவளம் என்று நான் எண்ணுவேன். தவறு என்று தெரியும், ஆனால் கண் போய்விடுகிறது. ஆறு. சில நாள் நாலு.

டாக்டர் அவளை நிறுத்துப் பார்த்தார். போன மாதத்தைவிட நாலு ராத்தல் குறைவு. கூட வேண்டிய நேரத்தில் குறைகிறது.

"வீட்டில கறி எல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறாவோ?" என்று என்னிடம் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஓம், தினமும் ரெண்டு மூணு கறி வைக்கிறோம்" என்றேன். அது பொய்யில்லை.

"அப்படியும் ஏறேல்லை எண்டால் ஊருக்கு அனுப்புங்கோ. தாய் வீட்டில இருந்தால் சாப்பிடுவா."

அனுப்புவது லேசில்லை. கடல் தாண்ட இப்போது அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தப் படிவத்தில் சொந்த நாடு என்ற இடத்தில் நான் புதுக்கோட்டைச் சமஸ்தானம் என்று எழுதினேன்.

"ஐயா, இதில ரெண்டு கட்டம்தான் இருக்கு" என்றான் ஜன்னலுக்குள்ளிருந்த இளைஞன். "பிரிட்டிஷ் இந்தியா, இல்லாட்டி வேற நாடு."

"ரெண்டும் இல்லீங்க தம்பி. எங்களுக்கு மகாராசா இருக்காங்க."

"அப்ப வேற நாடு."

"வேற நாடும் இல்லீங்களே. திருச்சிக்குப் பக்கத்துல."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "நீங்களே ஒரு கட்டத்தைக் கீறுங்க ஐயா. எங்க பிறந்தாங்களோ அது ஓடிப் போகாது."

மூன்று தடவை திரும்பி வந்து நான்காவது தடவைதான் சீட்டு கையில் கிடைத்தது. குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமைக்குள் புறப்பட வேண்டும். தவறினால் சீட்டு செல்லாது. திரும்பி வருவதற்கு வேறு படிவம். அது எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான்.

சண்முகத்துக்குத் துறைமுகத்தில் லீவு கிடையாது. அவள் போனால் தனியாகப் போக வேண்டும், அங்கே பெற்றெடுக்க வேண்டும், யுத்தம் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்குத்தான் என் மகன் தன் பிள்ளையைப் பார்ப்பான். இதை அவளிடம் சொல்லி அவள் போக வேண்டாம் என்று நினைக்கும்படி செய்ய எனக்கு மனம் வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பேனாவை வாங்கிப் போட்டுவிட்டாள். அதுதான் என்னை உறுத்தியது. இந்த வீட்டில் அவளுக்கு என்ன குறை வைத்தோம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

4

சீட்டுக்காக அலைந்துகொண்டிருந்த நாட்களில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன்.

எங்கள் பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் டோரா நோனாவின் வீடு. நோனா என்றால் இங்கே அம்மாள் என்பது போல. பறங்கிப் பெண்மணி, விதவை, என்னைவிட ஏழு வயது இளையவர். அவர் வீட்டுக் கொல்லையில் செங்கல்லால் கட்டிய போறணை இருக்கிறது. பாண் என்கிற ரொட்டியும் பணிஸ் என்கிற பன்னும் சுடுகிற அடுப்புக்கு இங்கே போறணை என்று பெயர். விறகுத் தட்டுப்பாட்டால் புதன்கிழமை மட்டும் மூட்டுவார். ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் கறுவா போட்ட சுருள் பணிஸ் செய்து கொடுக்கிறார்.

புதன்கிழமை நாலு மணிக்கு அந்த வாசம் சுவரைத் தாண்டி வரும். அப்போது அகிலாண்டம் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். முதல் தடவை ஒன்பது நிமிஷம். அடுத்த வாரம் பன்னிரண்டு. எந்த வாசம் பட்டாலும் ஓங்கரிக்கிற பெண், கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"அந்த வாசம் பிடிச்சிருக்கா ஆத்தா?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். "பிடிச்சு என்ன மாமா பண்றது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கூச்சம் என்று நினைத்தேன். பறங்கி வீட்டுப் பலகாரத்துக்கு ஆசைப்பட்டதாகச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டினேன். நேரே போய் நோனாவிடம் இரண்டு பணிஸ் கேட்டேன்.

"தர ஏலாது பெரியவர்" என்றார். "மா அவங்க தாறது. எண்ணித்தான் தாறாங்க, எண்ணித்தான் வாங்கிப் போறாங்க. உங்கட மாவைக் கொண்டு வாங்க, சொல்லித் தாறேன். மருமகளை வரச் சொல்லுங்க."

"அவளுக்குத்தான் நோனா. அவளுக்குத் தெரியாம செய்யணும்."

"அப்ப யார் பிசையிறது?"

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் போறணைக்குப் பக்கத்தில் படுத்திருந்த பூனை எழுந்து போய்விட்டது.

5

கூப்பன் மாவைச் சலித்தேன். நாற்பத்தொரு வண்டு. மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் இப்போது கிடைப்பதில்லை, அதற்குப் பதில் கள் என்றார் நோனா. வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். அதில் ஒருவன் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "முதலில் போங்க ஐயா, உங்களுக்குக் கை நடுங்குது" என்று இடம் விட்டான். அவன் நினைத்தது வேறு. கடிதம் எழுதியவரும் அந்த வரிசையில்தான் இருந்திருக்க வேண்டும். என்ன வாங்க வந்தார் என்பதை அவர் வீட்டாருக்கு எழுதியிருக்கமாட்டார்.

சீனிக்காகப் பத்தொன்பது நாள் தேநீரில் சீனி போடாமல் சேர்த்தேன்.

"தேத்தண்ணி என்னப்பா மருந்து மாதிரி இருக்கு?" என்றான் சண்முகம். அவன் இங்கேயே பிறந்தவன், அப்படித்தான் பேசுவான்.

"யுத்தம்" என்றேன்.

முதல் புதன்கிழமை பிசைந்தேன். நோனா நூறு தடவை பிசையச் சொன்னார். நான் ஜாக்கிரதைக்காக முந்நூறு பிசைந்தேன். வந்தது கல். நோனா ஒன்றை எடுத்துத் தரையில் போட்டுச் சத்தத்தைக் கேட்டார். "எண்ணிப் பிசைய ஏலாது பெரியவர். உங்கட காது மடலைத் தொட்டுப் பாருங்க. மா அப்படி வந்தா நிப்பாட்டுங்க." இரண்டாவது புதன்கிழமை மாவு காது மடல் மாதிரி வந்தது, ஆனால் போறணைச் சூடு மிஞ்சி அடி கருகிவிட்டது. கருகியதை நானும் நோனாவும் உட்கார்ந்து தின்றோம். அந்தப் புதன்கிழமைகளிலும் நான் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது அகிலாண்டம் சுவரோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள்தான் சீட்டு வந்தது. கையெழுத்துப் போட்டபோதே தயங்காதவள், சீட்டைப் பார்த்ததும் பெட்டியை எடுத்துத் துடைத்தாள்.

மிச்சமிருந்தது ஒரே புதன்கிழமை. அன்றைக்குக் கள் விட்ட மாவு மூன்று மணிக்குள் இரண்டு பங்காக எழும்பி நின்றது. கொழுக்கட்டைக்கு மாவு கிண்டக்கூடத் தெரியாத என் கையால் அது உண்டானது என்பதை நம்ப முடியவில்லை. பலகையில் பரப்பி, கெட்டித் தேங்காய்ப்பாலும் நோனா கொடுத்த கொஞ்சம் மார்ஜரினும் தடவினேன். சீனியும் கறுவாத் தூளும் தூவினேன். கறுவா என் கிட்டங்கிக்காரர்கள் நான் விலகும்போது கொடுத்த முதல் தரம். பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, தையல் நூலை அடியில் விட்டு இரண்டு நுனியையும் குறுக்கே இழுத்துத் துண்டு போட்டேன். கத்தி வைத்தால் நசுங்கும். பதினாறு துண்டு. தட்டில் அடுக்கி, இன்னும் அரை மணி நேரம் ஈரத் துணி போட்டு மூடிவைத்து, போறணைக்குள் தள்ளினேன்.

வெளியே எடுத்தபோது பதினாறும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பொன்னிறமாக இருந்தன. நோனா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

6

துணியால் மூடித் தட்டோடு கொண்டு வந்து அகிலாண்டத்தின் முன்னால் வைத்தேன். துணியை எடுத்ததும் ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் கண் விரிந்தது.

"எனக்கா மாமா?"

"ஒனக்குத்தான் ஆத்தா. அம்புட்டும் ஒனக்குத்தான்."

அவள் ஒன்றைப் பிய்த்தாள். உள்ளே எதையோ தேடுவது போலச் சுருளைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு வாயில் வைத்தாள். இரண்டு தடவை மென்றாள். மெல்லுவது நின்றது.

"மாமா, இது இனிக்குது."

"சீனி போட்டிருக்கேனே. இனிக்காம என்ன பண்ணும்?"

அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். கண்ணிலிருந்து நீர் இறங்கிற்று. கூடவே சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பயந்துபோனேன்.

"நான் கறின்னு நெனச்சேன் மாமா."

"கறியா? என்ன கறி?"

"கறிதான் மாமா. ஆட்டுக்கறி. பட்டை வாசம் அடிச்சுச்சுல்ல. பறங்கி வீட்டுல புதனுக்குப் புதன் கறி ஆக்குறாங்கன்னு நெனச்சேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க அங்கிட்டுப் போயி சாப்பிட்டுட்டு வாரீங்கன்னும் நெனச்சேன். வாயைத் தொடச்சிக்கிட்டு வந்தீங்க. நம்மள ஒரு வார்த்தை கேக்கலையேன்னு..."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"கறி வேணும்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஆத்தா?"

"வந்த மொத வாரமே கேட்டேனே மாமா. கறி இருக்கான்னு கேட்டேன். நீங்க, மூணு கறி இருக்கு, ஒக்காரும்மான்னு சொன்னீங்க. மூணு கறியான்னு எனக்கு ஒரே சந்தோசம். எலையைப் போட்டு ஒக்காந்தா பீன்சு வந்துச்சு. அப்பறம் பூசணி வந்துச்சு. மூணாவதுதான் கறின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வாழைக்காய் வந்துச்சு."

"இங்க எல்லாத்தையும் கறின்னுதான்..."

"அது அப்பறந்தான தெரிஞ்சுச்சு. அன்னைக்கி, இந்த வீட்டுல அதெல்லாம் ஆகாதுங்கிறதைத்தான் கேலியாச் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். பொறவு எப்பிடிக் கேக்குறது?"

எனக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவில் இருந்தது. புதுப் பெண்ணின் அடக்கம் என்று அன்றைக்கு நான் மெச்சிக்கொண்டேன்.

நம் ஊரில் கறி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாதா? கருப்பர் கோயிலில் கிடா வெட்டுகிற அன்றைக்கு அம்மியில் பட்டையும் சோம்பும் நசுங்கும்போது தெருக்கோடியிலிருந்து நானும் ஓடி வந்தவன்தான். வருஷத்தில் மூன்று தடவைதான் அந்த வாசம். பட்டை வாசம் என்றாலே நமக்குக் கறி, வேறு எதுவும் இல்லை. முப்பத்தொரு வருஷம் கட்டுக் கட்டாக முகர்ந்ததில் என் மூக்கில் அது வெறும் சரக்கின் வாசமாகிவிட்டது. நாக்கும் அப்படியே, பூசணியைக் கறி என்று சொல்லப் பழகிவிட்டது. பிள்ளைகள் மாறிப்போகிறார்கள் என்று சண்முகத்தின் தேத்தண்ணியைப் பற்றி நான் எத்தனையோ தடவை ஊருக்குக் குறைப்பட்டு எழுதியிருக்கிறேன். நான் மாறியதை எனக்கு யாரும் எழுதவில்லை.

"எனக்காக நீங்க விரதத்தைக் கெடுக்க வேணாம் மாமா" என்றாள். "நான்தான் திங்கக்கிழமை ஊருக்குப் போறேனே."

"விரதம் எனக்குத்தான் ஆத்தா. ஒனக்கு இல்ல. சொல்லாம விட்டது என் தப்பு."

7

மறுநாள் வியாழக்கிழமை. நானே மார்க்கட்டுக்குப் போனேன். கறி என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் முழித்தார். இறைச்சி என்ற பிறகே கத்தியை எடுத்தார். தொடையா, நெஞ்சா என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு என்றேன். அவராகவே பார்த்து வெட்டிக் கொடுத்தார்.

அகிலாண்டமே சமைத்தாள். எட்டு மாதத்தில் அந்தச் சமையலறையில் அவள் பாத்திரம் வைக்கிற சத்தம் அவ்வளவு பலமாக நான் கேட்டதில்லை. பட்டையை அவள் அம்மியில் வைத்து இழுத்தபோது நான் விசாலாட்சியின் படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவளும் கிடா வெட்டுக்குக் கறி ஆக்கியவள்தான். கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று தோன்றியது.

மதிய ஷிப்டு முடிந்து வந்த சண்முகம் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். "நம்ம வீடா?" என்றான்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க, கேள்வி எல்லாம் அப்பறம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மூவரும் உட்கார்ந்தோம். எனக்கு ரசம். கூப்பன் சோற்றை அவள் தள்ளி வைத்துவிட்டாள். தட்டில் மிச்சமிருந்த சுருளில் ஒன்றை எடுத்துப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள்.

"இனிப்பையா தொட்டுக்கிற?" என்றான் சண்முகம்.

"வாசம் ஒண்ணுதானே" என்று வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு அடுத்த சுருளை எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. நான் ரசத்தைப் பார்த்தபடி இருந்தேன். நாங்கள் இருவரும் எழுந்து கை கழுவி வந்த பின்னும் அவள் இலை முன்னால்தான் இருந்தாள். அன்றைக்குப் பின்கட்டுக்கு ஓடவில்லை.

கடைசிச் சுருளால் குழம்பை வழித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"மாமா, அடுத்த புதன்கிழமை சுடும்போது சீனியைக் கொறச்சுப் போடுங்க. கறிக்குத் தொட்டுக்கத் தோதா இருக்கும்."

சண்முகம் என்னைப் பார்த்தான். கொடியில் அவள் மடித்துப் போட்டிருந்த பயணச் சேலைக்குக் கீழே பெட்டி திறந்து கிடந்தது.

"அடுத்த புதன்கிழமையா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஏன், அன்னைக்கி நோனா போறணை மூட்ட மாட்டாங்களா?"

"மூட்டுவாங்க ஆத்தா" என்றேன். "மூட்டுவாங்க."